நாற்பத்தொரு வீடு

டவர்க்காரி ஒரு செத்தவனின் போனிலிருந்து இன்னொரு செத்தவனின் போனுக்கு அடித்துக்கொண்டிருந்தபோது கீழ் வளைவில் ஜீப் சத்தம் கேட்டது.

ரிங் போய்க்கொண்டிருந்தது. மேஜைமேல் வரிசையாகப் படுத்திருந்த போன்களில் ஒன்று அதிர்ந்து நகர்ந்தது. அதை இடது கையால் எடுத்துக் காதில் வைத்தாள். இப்போது இரண்டு காதிலும் போன். "நல்லாருக்கியாப்பா?" என்று இடது பக்கம் கேட்டாள். "எனக்கென்ன குறை" என்று வலது பக்கம் பதில் சொன்னாள். ஒரு முழு நிமிஷமாவது ஓட வேண்டும். ஓடினால்தான் கம்பெனியின் கம்ப்யூட்டர் அதை உயிரோடு இருக்கிற இணைப்பு என்று ஒத்துக்கொள்ளும். செத்தவர்கள் பேசி முடித்தார்கள். இரண்டையும் வைத்துவிட்டு அடுத்த ஜோடியை எடுத்தாள்.

ஜீப் இரண்டாம் கியருக்கு முனகியது. மேலே வந்து சேர இன்னும் நாலு வளைவு இருந்தது.

போன்களை மொத்தமாக வாரிப் பழைய கம்பளியில் சுருட்டித் தகரப் பெட்டிக்குள் போட்டாள். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு முன்னறைக்கு வந்தபோது, ஜன்னலோரக் கட்டிலில் புருஷன் கண் திறந்திருந்தான். மூக்கில் குழாய். குழாயின் மறுமுனையில் ஆக்சிஜன் மிஷின், ஒரு கிழட்டு நாய் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"வந்துட்டாங்களா?" என்றான்.

"வந்துட்டாங்க. நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும்."

அவன் அந்த மலையின் குவாரியில் இருபது வருஷம் கல் உடைத்தவன். கல்லை லாரி கொண்டுபோயிற்று. தூசி மட்டும் அவன் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. குவாரி மூடியதும் ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. சிலர் பிள்ளைகளைத் தேடிக் கீழே போனார்கள். சிலர் திரும்பி வரவே முடியாத இடத்துக்குப் போனார்கள். ஊரில் நாற்பத்தொரு வீடு இருந்த காலத்தில் அரசாங்கம் மலைமேல் கரண்டையும் டவரையும் ஒரே திட்டத்தில் கொண்டுவந்தது. செலவில் முக்கால்வாசி மானியம். வீட்டுக்கு ஒரு போன் இலவசம். போர்டு வைத்து எழுதியும் போட்டார்கள்: இயங்கும் இணைப்பு நாற்பதுக்குக் குறைந்தால் மானியம் ரத்து.

மானியம் ரத்து என்றால் என்ன ஆகும் என்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. எதிர்மலையைப் பார்த்தாலே போதும். போன வருஷம் அங்கே ஆய்வுக்கு வந்தார்கள். அடுத்த மாதமே கம்பெனி ஆட்கள் ஏறிவந்து கம்பியைச் சுருட்டி லாரியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். லாபமில்லாத இடத்தில் அவர்களுக்கு என்ன வேலை? அந்த ஊர்த் தலைவர் நாற்பத்தைந்து வீடு என்று அடித்துச் சொல்லியும் மானியத்தை நிறுத்திவிட்டார்களாம். ஆள் பொய் சொல்லத் தெரியாதவர், எங்கேயோ உளறி மாட்டிக்கொண்டார் என்று டவர்க்காரி முடிவு கட்டியிருந்தாள்.

தான் அப்படி மாட்டுகிற ஆள் இல்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. டவருக்குக் காவல், பில் வசூல், ரிப்பேர் புகார் எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பு. அதனால்தான் அந்தப் பெயர். ஊரைவிட்டுப் போகிறவர்கள் எல்லாரிடமும் போனைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். செத்தவர்கள் வீட்டில் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். இப்போது நிஜமாக அடுப்பு எரிகிற வீடு பதினேழு. மீதியெல்லாம் அவள் பெட்டிக்குள் குடியிருந்தது.

ஆய்வு வரப்போகிறது என்று அடிவார ஆபீஸில் துப்புரவு செய்கிறவள் மூலம் நேற்றே தகவல் வந்துவிட்டது. டவர்க்காரி வீடு வீடாக ஏறி இறங்கினாள். காலி வீடுகளில் பல்பைப் போட்டாள், கொடியில் துணி காயப்போட்டாள், வாசலில் செருப்பு விட்டாள். கடைக்காரரை மூன்று வீட்டுக்குக் குடும்பத் தலைவராக நியமித்தாள். அவர் சம்பளம் உண்டா என்று கேட்டுச் சிரித்தார், அவ்வளவுதான்.

மேல்வீட்டு அக்காவிடம்தான் படாதபாடு பட வேண்டியிருந்தது.

அந்த அக்காவின் புருஷன் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் பெயரில் ஓர் இணைப்பு, பின்கட்டு வீட்டில் தனி மீட்டர். அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல வேண்டும், சட்டையைத் துவைத்துக் காயப்போட வேண்டும். அக்கா முடியாது என்று தலையாட்டினாள்.

"அவரை ஒரு தடவை அனுப்பி வச்சுட்டேன்டி. அதுக்கே என் உசுரு பாதி போச்சு. மறுபடியும் கூப்பிடச் சொல்றியா?"

டவர்க்காரி குரலை உயர்த்தவில்லை. தினமும் சாயங்காலம் மகளையும் பேரனையும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறாயே, டவர் போனால் அந்த முகம் எப்படி வரும் என்று மட்டும் கேட்டாள். பேரன் இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தான். அக்கா எழுந்து உள்ளே போனாள். பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஊர் நன்மைக்குத்தானே என்று டவர்க்காரி படி இறங்கினாள். இறங்கும்போது கொஞ்சம் விசில்கூட அடித்தாள்.

ஜீப் வாசலில் வந்து நின்றது.

இறங்கிய அதிகாரி ஐம்பதைத் தொட்டவர். மெலிந்த உடம்பு, பணிவான குரல், கையில் மடக்குகிற பலகையில் செருகிய காகிதம். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிற அரசாங்க ஆளை அவள் பார்த்ததில்லை. தண்ணீர் கேட்டதற்கே ரெண்டு தடவை நன்றி சொன்னார். டிரைவர்தான் வாயாடி. வளைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை குலதெய்வத்தைக் கூப்பிட்டதாகவும், ஐந்தாவது வளைவில் தெய்வமே இறங்கி நடந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டதாகவும் சொல்லிவிட்டு, தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டான்.

முதலில் கடைக்காரர் வீடு. கடைக்காரர் கடைக்காரராக நின்றார். மூன்றாவது வீட்டில் கதவைத் தட்டியபோது திறந்தவரும் அவரேதான். பின்பக்கப் பாதையில் ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. தலையில் ஒரு கம்பளித் தொப்பி, முகத்தில் ஒரு கண்ணாடி. கடைக்காரருக்கு அண்ணன் என்றார். ஆறாவது வீட்டில் தொப்பி இல்லாமல் சால்வையோடு சித்தப்பா ஆனார்.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே மூக்கா சார்?" என்று டிரைவர் கேட்டான்.

"எல்லாரும் ஒரே காத்தைத்தானேப்பா சுவாசிக்கறாங்க" என்று சொல்லி அதிகாரி காகிதத்தில் டிக் போட்டார்.

டவர்க்காரிக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. இவ்வளவு மக்கு ஆளை நம்பியா அரசாங்கம் நடக்கிறது என்று நினைத்தாள். எதிர்மலைத் தலைவர்மேல் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று. இந்த மனுஷனிடம்கூடவா ஒருத்தன் மாட்டுவான்?

மேல்வீட்டில் கொடியில் சட்டை தொங்கியது. நீலக் கட்டம் போட்டது. பல நாள் மடிப்பில் கிடந்த தடம் தண்ணீரில் நனைந்தும் போகவில்லை. அதிகாரி சட்டையின் காலரைத் தொட்டுப் பார்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். அந்துருண்டை வாசனை டவர்க்காரிக்கே நன்றாக அடித்தது. அவர் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். வேலையாக வெளியே போயிருக்கிறார் என்று அக்கா தரையைப் பார்த்தபடி சொன்னாள். காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுப் போனார் என்று அடுத்த கேள்வி. இதை அவர்கள் ஒத்திகை பார்க்கவில்லை. டவர்க்காரி வாயைத் திறப்பதற்குள் அக்கா நிமிர்ந்தாள்.

"ரெண்டு ரொட்டி. சக்கரை போடாத டீ. டீ கொஞ்சம் ஆறியிருந்தாலும் அப்படியே வச்சுட்டுப் போயிடுவார். இன்னைக்குச் சூடா இருந்துச்சு, முழுசும் குடிச்சார். அவசரமாப் போறார்னு குடையைக் குடுத்து விட்டேன், மழைத் தூத்தல் நெஞ்சுக்கு ஆகாது பாருங்க." நிறுத்த வேண்டிய இடம் எப்போதோ தாண்டிவிட்டது. அவள் நிறுத்தவில்லை. சாயங்காலம் வரும்போது என்ன சமைத்து வைக்கப்போகிறாள், அவர் எந்தப் பக்கமாகத் திரும்பிப் படுப்பார் என்பது வரைக்கும் சொன்னாள். முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது. கன்னத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்ததை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

அதிகாரி டிக் போட்டார். வாசல் தாண்டி இறங்கும்போது அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டு, அவர் வந்ததும் நீங்க வந்துட்டுப் போனதாச் சொல்றேன் சார் என்றாள். அதை நடிப்பு என்றே டவர்க்காரி எடுத்துக்கொண்டாள். நன்றாகத்தான் நடிக்கிறாள், நேற்று என்னமாய் முரண்டு பிடித்தாள் என்று மனசுக்குள் மெச்சினாள்.

கடைசியாக அவள் வீடு. அதிகாரிக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். டிரைவர் ஜீப்பிலேயே இருந்துவிட்டான். மிஷினின் மூச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி, கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று விசாரித்தார். ஒரு சிலிண்டர் இருக்கிறது, அரை நாள் தாங்கும் என்றாள். கீழே போய்விடலாமே என்றார். கொழுந்தனார் வீடு ஒற்றை அறை, ஏற்கெனவே ஏழு பேர், இதில் மிஷினை எங்கே வைப்பது, மிஷினை வைத்தாலும் இவரை எங்கே வைப்பது என்றாள்.

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று தொடங்கி, ஒரு கணக்கு சொன்னார். இந்த மலைக்கு ஒரு வருஷம் கம்பி இழுக்கிற காசில் கீழே ஓர் ஆஸ்பத்திரி வார்டு நடத்தலாம். கீழே வரி கட்டுகிறவன் கேட்கமாட்டானா, என் காசில் ஏன் எங்கேயோ ஒரு பாறைமேல் பல்பு எரிகிறது என்று?

டவர்க்காரி அதுவரை கட்டிக்காத்த பணிவு கொஞ்சம் நழுவியது.

"கேக்கட்டும் சார். கீழே ரோடு போட்டப்போ எங்ககிட்ட யாரும் கேக்கலையே. அவ்வளவு கல்லும் இங்கேருந்துதான் போச்சு. உங்க ஆபீஸ் படிக்கட்டுல நீங்க தினம் மிதிக்கறது இவர் உடைச்ச கல்லாக்கூட இருக்கும்."

"இருக்கலாம்மா" என்றார் அவர், அதே குரலில். "அதுக்குத்தான் அப்பவே கூலி குடுத்துட்டாங்களே."

அந்த நேரம் பார்த்து உள்ளறையில் ஒரு போன் அடித்தது. கம்பளிக்குள்ளிருந்து, தகரத்துக்குள்ளிருந்து, அமுங்கிய குரலில். அது நிற்கும்போதே இன்னொன்று. ஜன்னல் வழியே பார்த்தாள். ஜீப்பில் சாய்ந்துகொண்டு டிரைவர் ஒரு காகிதத்தைப் பார்த்துப் பார்த்து நம்பர் அடித்துக்கொண்டிருந்தான்.

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினாள். கதவைச் சாத்திப் பெட்டியை இழுத்துத் திறந்து, அடிக்கிற போனை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒன்றில் மருமகளாக, ஒன்றில் காது கேட்காத அத்தையாக, ஒன்றில் தொண்டை கட்டிய ஆம்பளையாகப் பேசினாள். எதிர்முனையில் டிரைவர், உங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே மூக்கு, ஒரே குரலாங்க என்று கேட்டான். ஜலதோஷம் என்று வைத்தாள்.

திரும்பி வந்தபோது முன்னறையில் நாற்காலி இடம் மாறியிருந்தது. கட்டிலை ஒட்டி. அதிகாரி குனிந்து, புருஷனின் வாய்க்குக் காது கொடுத்திருந்தார். புருஷன் விரல்களை மடக்கி மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் விரல்கள் நின்றன.

"பதினேழு" என்றான் அவன், அவளைப் பார்த்தே. "பொய் சொல்லி... வாங்கற மூச்சு... வேணாம்டி."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் பதினேழுங்கறார். நீங்க நாப்பத்தொண்ணுங்கறீங்க. நான் யார் சொல்றதை எழுதறது?" பிறகு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. குறைவா இருந்தாலும் பாதகமில்லை. உள்ளதைச் சொன்னா போதும். கையெழுத்து ஆயிட்டா அஞ்சு வருஷத்துக்கு இதை யாரும் மாத்த முடியாது, நானும்கூட."

தூண்டில். எவ்வளவு நைசாகப் போடுகிறான் பார் என்று நினைத்தாள். எதிர்மலைத் தலைவர் விழுந்தது இங்கேதான். குறைவாக இருந்தாலும் பாதகமில்லையாம். போர்டில் எழுதிப்போட்டது அவளுக்கு மனப்பாடம்.

மிஷின் மூச்சு வாங்கியது. டவர்க்காரி கட்டிலுக்குப் போய்ப் புருஷனின் போர்வையைச் சரி செய்தாள். அவன் கையை எடுத்து உள்ளே வைத்து மூடினாள்.

"இவர் பேச்சை எடுத்துக்காதீங்க சார். நெஞ்சுல நோவு வந்ததுலேருந்து மூளைக்குக் காத்து சரியாப் போறதில்லை. புத்தி பேதலிச்சுப் போச்சு. நேத்து என்னையே யாருன்னு கேட்டார்."

புருஷன் அவளைப் பார்த்தான். ஆச்சரியப்பட்டவன் மாதிரி இல்லை. கடைசியில் இதுவும் ஆயிற்றா என்பது மாதிரி. பிறகு குழாய் இழுத்துக்கொள்ளாமல் மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டான்.

"அப்போ அதையும் எழுதிக்கறேன்" என்றார் அதிகாரி. எழுதினார். மனநிலை காரணமாகக் கணவரின் கூற்று ஏற்கப்படவில்லை என்று வாய்விட்டுப் படித்தும் காட்டினார், கட்டிலுக்கும் கேட்கிற மாதிரி. டவர்க்காரி இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டாள்.

ஜீப் வரைக்கும் கூடவே நடந்தாள். கால் தரையில் பாவவில்லை. இன்னும் அஞ்சு வருஷம். புருஷனிடம் ராத்திரி பேசிக்கொள்ளலாம், கோபப்படுவான், ஆனால் கோபப்படுவதற்கும் மூச்சு வேண்டுமே, அதைத்தானே வாங்கிக் கொடுத்திருக்கிறாள். மேலே, மேல்வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். கையை நெற்றிக்குக் கொடுத்துக் குவாரிப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. நாடகம் முடிந்தது என்று அவளுக்குச் சைகை காட்டினாள் டவர்க்காரி. அக்கா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரி காகிதத்தை ஓர் உறைக்குள் போட்டு ஒட்டினார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுக்காரர் புத்தி தெளிவா இருக்கும்மா" என்றார். "கீழ் வளைவுலேருந்து பார்த்தப்பவே அடுப்புப் புகையை எண்ணிட்டேன். அவர் சொன்னது சரிதான்."

டவர்க்காரி ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டாள். சார், வயித்துல அடிச்சுடாதீங்க, இவர் உசுரு அந்தக் கம்பியிலதான் இருக்கு என்று தொடங்கினாள். அவர் கையை உயர்த்தினார்.

"பயப்படாதீங்க. நீங்க சொன்ன நாப்பத்தொண்ணைத்தான் எழுதியிருக்கேன். அதுல ஒண்ணுகூடக் குறைக்கலை."

அவள் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனை மக்கு என்று நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது. தெரிந்தும் விட்டுக்கொடுக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? கும்பிட்டாள். உங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும் என்றாள். டிரைவர் முன்னால் பார்த்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து வாய் மூடாதவன் இப்போது ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

"எதிர்மலையிலயும் இப்படித்தான் கும்பிட்டாங்க" என்றார் அதிகாரி.

அவளுக்கு அது புரியவில்லை. சிரித்து வைத்தாள்.

அவர் உறையை முழங்கால்மேல் வைத்து ஓரத்தை நீவினார். கையெழுத்து ஆகிற வரைக்கும் இதைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு, முதலிலேயே சொல்லிவிட்டால் எல்லா ஊரும் அதற்கேற்ற மாதிரிக் கணக்குச் சொல்லும், அப்புறம் ஆய்வுக்கு என்ன மதிப்பு என்றார். கீழே அந்த போர்டு இன்னும் நிற்கிறது, கழற்றத்தான் ஆள் இல்லை, ஆனால் அதில் இருக்கிற விதி போன வருஷமே போய்விட்டது என்றார். குரலில் அதே மரியாதை.

"நாப்பதுக்குக் கீழே இருந்தா அது கைவிடக் கூடாத ஊர்ம்மா. கம்பியும் டவரும் கடைசி ஆள் இருக்கற வரைக்கும் முழுக்க அரசாங்கச் செலவு. நாப்பதும் அதுக்கு மேலயும் இருக்கற ஊருக்குத்தான், தன் கால்ல நிக்கும்னு, மானியத்தை நிறுத்தறாங்க."